கையெழுத்துப் போடுமுன் காலை வெயிலில் பாருங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில், விஜயமங்கலம் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே போன டெம்போ சடாரென்று பிரேக் அடித்ததில் என் கார் அதன் பின்னால் மோதிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, காற்றுப்பையும் வெடிக்கவில்லை. காரின் இடது முன்பக்கம் மட்டும் போய்விட்டது. வண்டி வாங்கி மூன்று வருஷம் நாலு மாசம் ஆகிறது. பேர்ல் ஒயிட் கலர். கோயமுத்தூரில் வாங்கிய இடத்திலேயே கேஷ்லெஸ்ஸில் விட்டேன். வேலை முடிய 47 நாள் ஆயிற்று. பட்டறையில் கேட்டால் "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலீங்க" என்பார்கள். இன்சூரன்ஸில் கேட்டால் "பட்டறையிலிருந்து எஸ்டிமேட்டே வரலீங்க" என்பார்கள். ஒரு வழியாகப் போன வாரம் டெலிவரிக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடது பெண்டர் ஒரு வெள்ளை, கதவு வேறு வெள்ளை. பானட் இடைவெளி இடது பக்கம் அதிகம். ஓட்டினால் இடது பக்கமே இழுக்கிறது. முன் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் ஈரம். எடுக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். இப்போது 41,000 ரூபாய் கட்டுங்கள், திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். பில் நகல் இணைத்திருக்கிறேன். என் மாமனார், "இந்நேரம் நாமக்கல்ல ஒரு லாரிக்குப் பாடியே கட்டிருப்பாங்க" என்று தினமும் குத்திக்காட்டுகிறார். வண்டியை எடுக்கலாமா? இத்தனை நாள் வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் கிடைக்குமா?

பதில்:

வணக்கம்ங்க.

எடுக்க வேண்டாம். ஷேடு வித்தியாசம் கண்ணைத்தான் உறுத்தும். ஸ்டியரிங் இழுப்பு ஆளையே ரோட்டோரப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்றைக்கு நீங்கள் திரும்பி வந்தது சரிதான். ஆனால் வாயால் சொல்லிவிட்டு வந்தீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு. பட்டறைக் கம்ப்யூட்டரில் உங்கள் வண்டி இன்றைக்கு "வேலை முடிந்தது, கஸ்டமர் எடுக்கவில்லை" என்றுதான் நிற்கும். அதன் விளைவு உங்கள் பில்லிலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பார்க்கிங் என்று நாளைக்கு 500 வீதம் 8 நாளுக்கு 4,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பில்லை முதலில் முடித்துவிடுவோம். பலர் நினைப்பதுபோல், இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் இந்தக் கழிவுகளைத் தன் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. நானே 26 வருஷமாக மோட்டார் சர்வேயர் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது "பம்பர் டு பம்பர்" எனப்படும் தேய்மானம் பிடிக்காத பாலிசி அல்ல, சாதாரண பாலிசி. அதில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழியும். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இரும்புச் சாமான்களுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு. மூன்று வருஷம் தாண்டி நாலு வருஷத்துக்குள் என்றால் 25 சதவீதம். உங்கள் பில்லில் பம்பர், கிரில் வகையறா 16,000. அதில் 8,000 உங்கள் தலையில். ஹெட்லைட் 14,000. இந்தக் காலத்து ஹெட்லைட் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் அதிலும் பாதி, 7,000. இரும்புச் சாமான் 36,000, கழிவு 9,000. பெயிண்டிங்கில் மெட்டீரியலுக்கு மட்டும்தான் பாதி கழியும். கூலியும் மெட்டீரியலும் சேர்த்து ஒரே தொகையாகப் பில் போட்டால் அதில் கால்பங்கை மெட்டீரியல் என்று எடுத்துக்கொள்வது விதி. 28,000-க்கு மெட்டீரியல் 7,000, கழிவு 3,500. 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. விஜயமங்கலத்திலிருந்து கட்டி இழுத்து வந்த 6,000-ல் பாலிசி கொடுப்பது 1,500 மட்டும். கூலன்ட், ஆயில், நட்டு போல்ட்டு, கிளிப் என்று 4,000. அது சாதாரண பாலிசியில் வராது. எல்லாம் கூட்டினால் 37,000. பார்க்கிங்கைச் சேர்க்காமல் பில் மொத்தம் 1,46,000-ல் இன்சூரன்ஸ் கொடுத்த 1,09,000 போக மீதியும் அதே 37,000-தான். கணக்கு நேராக இருக்கிறது. அந்த 37,000-ஐப் பற்றிச் சண்டை போடாதீர்கள், நேரம்தான் வீண். சண்டை போட வேண்டியது பார்க்கிங் 4,000-க்கு. குறையோடு இருக்கிற வண்டியை எடுக்காததற்கு வாடகை கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, 47 நாள் எங்கே போயிற்று? பட்டறை, இன்சூரன்ஸ் இரண்டு தரப்பும் உங்களிடம் சொன்னது அந்தந்த நேரத்தில் உண்மையாகவே இருந்திருக்கலாம். முதல் எஸ்டிமேட் வெளியே தெரிகிற அடிக்குப் போடுவது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே ரேடியேட்டர் தாங்கி வளைந்திருப்பது, ஏசி கண்டென்சர் நசுங்கியிருப்பது எல்லாம் தெரியும். உடனே சப்ளிமெண்டரி எஸ்டிமேட், அதாவது கூடுதல் வேலைக்கான மதிப்பீடு போட வேண்டும், சர்வேயர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். அப்ரூவல் வராமல் பட்டறை பார்ட்ஸ் ஆர்டர் போடாது. போட்டு வாங்கின பிறகு "மாத்த வேண்டாம், தட்டியே எடுங்க" என்று சர்வேயர் சொல்லிவிட்டால் அந்தச் சாமான் அவர்கள் தலையில் நிற்கும். சப்ளிமெண்டரியை அனுப்ப வேண்டிய பட்டறை அட்வைசர் கையில் முப்பது நாற்பது வண்டி இருக்கும். அவர் லீவு போட்டால் உங்கள் ஃபைலும் லீவு. ஒரே ஒரு பிராக்கெட் வராமல் பத்து நாள் நின்ற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அதற்குள் பெயிண்ட் பூத்தில் உங்கள் முறை போய்விடும், மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும்.

எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க நாலு தேதி போதும்: முதல் எஸ்டிமேட் இன்சூரன்ஸுக்குப் போன தேதி, சர்வேயர் முதலில் வந்த தேதி, சப்ளிமெண்டரி அனுப்பிய தேதி, கடைசிச் சாமான் ஆர்டர் போட்ட தேதி. இரண்டு தரப்பிடமும் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். சர்வேயர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கெடு கம்பெனிக்கும் சர்வேயருக்கும் மட்டும். பட்டறையைக் கட்டுப்படுத்தாது. சப்ளிமெண்டரி பட்டறையிலேயே தூங்கியிருந்தால் அது பட்டறையின் சேவைக் குறைபாடு. அங்கேதான் கேட்க வேண்டும். முதல் தேதியும் இரண்டாம் தேதியும் ரொம்பத் தள்ளியிருந்தால் இன்சூரன்ஸைக் கேளுங்கள். தேதி கையில் இல்லாமல் போய்ச் சத்தம் போட்டால் ஒரு கப் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இனி வேலையின் தரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனதில் முதலில் தைத்தது ஷேடு அல்ல. பானட் இடைவெளி இடது பக்கம் அதிகம். வண்டி இழுப்பதும் இடது பக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அடி வாங்கிய அந்த இடது மூலை இன்னும் தன் இடத்துக்கு வரவில்லையோ என்பதுதான் என் சந்தேகம். மேலே புது பெண்டர், புது பானட் மாட்டிப் பளபளவென்று கொடுத்துவிட்டார்கள். அதை மாட்டுகிற எலும்புக்கூடு சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் இடைவெளியில் காட்டிக்கொடுக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் வளைந்திருந்தால் ஸ்டியரிங்கில் காட்டும்.

உங்கள் மாமனாருக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. அவர் சொல்வதில் தப்பில்லை. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற கைகள் நம் ஊரின் சொத்து. எனக்கும் அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் லாரியில் கீழே ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் தனியாக இருக்கிறது. பாடி அதன் மேல் உட்காருகிறது. பாடி கொஞ்சம் கோணினாலும் சக்கரம் நேராக ஓடும். உங்கள் காரில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். முன்பக்கத்தில் சில பாகங்களை அடி வாங்கினால் மடங்கிக்கொள்கிற மாதிரி செய்திருப்பார்கள். சில பாகங்கள் மடங்கவே கூடாத கெட்டி இரும்பு. அந்தக் கெட்டி இரும்பில் கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராகிவிடும், பலம் போய்விடும். அதனால்தான் இதைப் பெஞ்ச் எனப்படும் பாடி நிமிர்த்துகிற மேடையில் ஏற்றி, அளந்து, இழுக்க வேண்டியிருக்கிறது. பெஞ்சில் ஏற்றி அளந்தார்களா என்று கேளுங்கள். அளந்திருந்தால் தாள் இருக்கும். பம்பருக்குப் பின்னால் ஒரு குறுக்கு இரும்பு இருக்கும், அது மாற்றப்பட்டதா என்றும் பில்லில் தேடுங்கள். உங்கள் பில்லில் எனக்குத் தெரியவில்லை. மாற்றத் தேவை இல்லாமலும் இருந்திருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து வீல் அலைன்மென்ட் பிரிண்ட் வாங்குங்கள். "பண்ணியாச்சுங்க" என்ற வாய்ச் சொல் வேண்டாம். பெரும்பாலான சின்னக் கார்களில் டோ என்கிற அளவை மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர், காஸ்டர் என்ற இரண்டு அளவும் இடது பக்கம் மட்டும் கம்பெனி சொன்ன எல்லைக்கு வெளியே இருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு தாள் உங்கள் பக்கம் பேசினால் பட்டறைக்காரரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 55 நாளாக நின்ற வண்டியில் டயர் காற்று இறங்கியிருந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும். முதலில் நாலு டயரிலும் காற்றைச் சரியாக அடித்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். அவர்கள் சொல்வதற்கு அந்த ஒரு சாக்கும் இருக்கக் கூடாது.

ஈரத்துக்கு ஒரு சின்னச் சோதனை. ஏசி போட்டு அரைமணி நேரம் நிறுத்திவையுங்கள். கீழே தரையில் தண்ணீர் சொட்டாமல் உள்ளே நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறுகிற குழாயைச் சரியாக மாட்டவில்லை, ஐந்து நிமிட வேலை. ஏசி இல்லாமல், முன் கண்ணாடிக்குக் கீழே பைப் வைத்துத் தண்ணீர் விட்டால்தான் நனைகிறது என்றால் உள் தகட்டில் சீலன்ட் விட்டுப்போயிருக்கிறது. இதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த ஈரம் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஒயருக்கும் தகட்டுக்கும் போகும், இரண்டு மழைக்காலத்தில் துரு கிளம்பிவிடும்.

இப்போது ஷேடு. இதில் சர்வேயர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. வெறும் வெள்ளை என்றால் சுலபம். பேர்ல் ஒயிட் மூன்று அடுக்கு: அடியில் வெள்ளை, நடுவில் முத்துப் பொடி கலந்த அடுக்கு, மேலே கிளியர். நடு அடுக்கை எத்தனை தடவை ஊதினார்கள் என்பதைப் பொறுத்து ஷேடு மாறும். பெயிண்ட் கோடு அப்படியே சரியாக இருந்தாலும் மாறும். அதனால் கைதேர்ந்த பெயிண்டர் பெண்டரோடு நிறுத்த மாட்டார், பக்கத்துக் கதவிலும் கொஞ்ச தூரம் ஊதி மெல்லக் கரைத்துவிடுவார். அப்போதுதான் கண் ஏமாறும். ஆனால் அடிபடாத கதவுக்குப் பெயிண்ட் கூலியை எங்களில் பலர் அனுமதிப்பதில்லை. "கதவுக்கு என்ன அடி?" என்று கேட்டு அந்தத் தொகையை நீக்கிவிடுவோம். நானும் நீக்கியிருக்கிறேன். காசு வராத வேலையைப் பெயிண்டர் செய்ய மாட்டார், பெண்டர் ஓரத்தில் டேப் ஒட்டி நிறுத்திக்கொள்வார். டிங்கரிங் கூலியை வெட்டினால் தட்டி எடுக்க வேண்டிய இடத்தில் பள்ளத்தை நிரப்புகிற பட்டிப் பூச்சு ஏறும். அது போலத்தான் இதுவும்.

ஆகவே சர்வேயர் போட்ட மதிப்பீட்டுத் தாளை இன்சூரன்ஸிடம் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இடது முன்கதவு பெயிண்டிங் அதில் அனுமதிக்கப்பட்டிருந்தால் செய்யாதது பட்டறையின் குற்றம். அனுமதிக்கப்படவில்லை என்றால் கதவுக்குக் கரைத்து அடிக்க அனுமதி வேண்டும் என்று இன்சூரன்ஸுக்கு எழுதுங்கள். சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. பம்பர் ஷேட்டைப் பற்றி மட்டும் ரொம்ப வாதாடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரைத் தனியாகப் பெயிண்ட் அடிப்பதால் புது வண்டியிலேயே மயிரிழை வித்தியாசம் இருக்கும்.

இன்றைக்கே பட்டறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவுக்கும் நகல் போடுங்கள். நீளமாக வேண்டாம், இந்த அளவு போதும்: "என் வண்டியை இன்ன தேதியில் பார்த்தேன். இடது பக்கம் இழுக்கிறது, பானட் இடைவெளி சமமாக இல்லை, இடது பெண்டரும் கதவும் ஷேடு ஒத்துவரவில்லை, உள்ளே நீர் கசிகிறது. இவற்றால்தான் டெலிவரி எடுக்கவில்லை. சரிசெய்து, அலைன்மென்ட் அளவுத் தாளுடன் சர்வேயர் மறுஆய்வுக்கு ஏற்பாடு செய்யவும். பார்க்கிங் கட்டணத்தை ஏற்கவில்லை." கூடவே படங்கள். கேஷ்லெஸ்ஸில் பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் என்பதால் அவர்கள்தான் கஸ்டமர் என்ற நினைப்பு பட்டறையில் வந்துவிடுகிறது. ஜாப் கார்டில் கையெழுத்து உங்களுடையது, வேலைக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதும் உங்களுக்கே. அதே சமயம் அந்தப் பட்டறைக்கு மாதாமாதம் வண்டி அனுப்புவது இன்சூரன்ஸ் கம்பெனி. நகல் போடச் சொன்னது அதற்காகத்தான்.

திருப்திக் கடிதத்தை வேலை முடிந்த பிறகு போடலாம். அவசரம் என்று ஏதாவது காரணத்தால் முன்னதாகவே எடுக்க நேர்ந்தால், கையெழுத்துக்கு மேலேயே "குறைகள் உள்ளன, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் இன்சூரன்ஸின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் ஆணையத்தின் பீமா பரோசா என்கிற புகார் தளம். 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். அதற்கும் மேல் சென்னையில், புகாரை விசாரித்துத் தீர்த்துவைக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அவர் இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான் கேட்க முடியும், பட்டறையைக் கேட்க முடியாது. உங்கள் புகாரில் பாதி பட்டறை மேல் என்பதால், என்னைக் கேட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோயமுத்தூருக்கு அலைய வேண்டாம், திருப்பூர் போதும். இரண்டு பேரையும் ஒரே புகாரில் சேர்க்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். எழுத்தில் வந்த புகாரைக் கண்டால் பட்டறை மேனேஜர்கள் இறங்கி வருவார்கள்.

வாடகைக் கார் செலவு பாலிசியில் வராது. வண்டி இல்லாததால் ஏற்படுகிற பின்விளைவு நஷ்டத்தைச் சாதாரண பாலிசி சேர்ப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில், தாமதத்துக்குப் பட்டறை காரணம் என்று அந்த நாலு தேதி காட்டினால் நஷ்டஈடாகக் கேட்கலாம். அதனால் வாடகை ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். இந்த வருஷம் கிளெய்ம் எடுத்ததால் அடுத்த ரினியூவலில் உங்கள் போனஸ் தள்ளுபடியும் போய்விடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரினியூ செய்யும்போது தேய்மானம் பிடிக்காத பாலிசியின் விலையைக் கேளுங்கள். இந்த முறை கையை விட்டுப் போன பணத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும்.

மறுபடி டெலிவரிக்குக் கூப்பிடும்போது காலை ஒன்பது மணிக்குப் போய், வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்திலும் உச்சி வெயிலிலும் எல்லா வெள்ளையும் ஒன்றுதான். சாவியைப் போட்டதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையாமல் நின்றாலும் தப்பு. மாற்றிய பழைய பம்பரையும் ஹெட்லைட்டையும் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் ரீடிங்கை ஜாப் கார்டோடு ஒப்பிடுங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பரையில் லேசாகப் பூஞ்சை கண்டதைக் களத்தின் இந்த முனையில் நின்றே பொறுக்குகிற கண்ணுங்க அது. ஷேடு பார்க்க அட்வைசரை விட அவர் தேவலை.